கை தூக்கும் இடம்

ஜனவரி 9

அன்புள்ள அக்காவுக்கு,

உன் தம்பி எழுதுவது. எனக்கு ஒரு குறையும் இல்லை, தூக்கத்தைத் தவிர. உன் தோள்பட்டை வலி எப்படி இருக்கிறது? அம்மா மாத்திரையை ஒழுங்காகப் போட்டுக்கொள்கிறாளா, இல்லை வழக்கம்போலத் தலையணைக்குக் கீழே சேர்த்து வைக்கிறாளா?

இதைப் போனிலேயே கேட்டிருக்கலாம். ஆனால் போனில் நீ "ம்" மட்டும்தான் போடுவாய். ஷிப்டில் உன் போன் பூட்டிய அலமாரியில் இருக்கும்; வீட்டுக்கு வந்தால் நீயே பூட்டிய அலமாரி. எழுதினால்தான் உன்னிடமிருந்து நாலு வரி தேறும்.

சேதி இதுதான். எங்கள் இசையமைப்பாளரை எல்லாரும் மாஸ்டர் என்போம். புதுப் படத்துக்கு ஒரு பாட்டு அமையாமல் மூன்று நாளாக முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். டீ இடைவேளையில் நான் கீபோர்டில் சும்மா அம்மாவின் பாட்டைத் தட்டிக்கொண்டிருந்தேன், அவள் சலவை ஆலையில் பாடியதாகச் சொல்வாளே, அது. ஒலிப்பதிவுக்காரர் டீயைக் கீழே வைத்துவிட்டார். மாஸ்டர் கதவருகே நின்று, "என்னடா இது? மறுபடி வாசி" என்றார். ஜன்னலே இல்லாத இந்த அறையில் பத்து வருஷமாக அடுத்தவர் சொன்னதை வாசித்துக்கொண்டிருக்கிறேன், அக்கா. இதுவரை "மறுபடி வாசி" என்று யாராவது சொன்னால் நான் தப்பாக வாசித்துவிட்டேன் என்று அர்த்தம்.

கதாநாயகி மேடமே பாடப்போகிறார். எந்த மேடம் என்று கேட்காதே, பஸ்ஸின் முதுகிலெல்லாம் சிரித்துக்கொண்டிருக்கிறாரே, அவர்தான். பாட்டுக்கு இசைக் கோர்ப்பு என் பொறுப்பு. திரையில் என் பெயர் வரும். எனக்கு முதல் அடிகள் மட்டும்தான் நினைவிருக்கின்றன. மீதியை அம்மாவிடம் கேட்டு எழுதி அனுப்பு. உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் தம்பி


ஜனவரி 21

அன்புத் தம்பிக்கு,

தோள்பட்டை இருந்த இடத்திலேயே இருக்கிறது, அதுவே போதும். மாத்திரைகள் தலையணைக்குக் கீழேதான். உனக்கு நான்தான் கோள் சொன்னேன் என்று அம்மா இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா?

உன் கடிதத்தை நெட்டையிடம் படித்துக் காட்டினேன். இஸ்திரி ரோலரிலிருந்து வெளியே வரும் பெட்ஷீட்டை என்னோடு ஜோடியாகப் பிடித்து மடிப்பவள் அவள். அவள் உயரத்துக்கு ஈடு கொடுத்துத்தான் என் தோள் போயிற்று. "உன் தம்பி பெரிய ஆளாயிட்டான், இனி நம்மள எங்க ஞாபகம் வச்சுக்கப்போறான்" என்றாள். எனக்குக் கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது, பொய் சொல்ல மாட்டேன்.

அம்மாவுக்குத் தனியாகப் பாட வரவில்லை. எதிரே துணி பிடிக்க ஆள் வேண்டுமாம். மைனா அத்தையைக் கூப்பிட்டு அனுப்பினாள். அம்மாவின் பழைய ஜோடி ஆயிற்றே. இரண்டு பேரும் என் கட்டில் விரிப்பை உருவி, நாலு மூலையையும் பிடித்துக்கொண்டு, கூடத்தில் நின்று பாடினார்கள். எழுதிக்கொண்டேன்:

மெல்ல மெல்ல மடிக்கலாம், வெள்ளைத் துணி ஓடாது
கடியார முள்ளு ஓடட்டும், நம்ம கை ஓடாது
———
சுட்டெரிக்கும் ரோலருக்குச் சோறு போட வரலையே
பத்து விரலோட வந்தோம், பத்தோட போகணுமே
———

கோடு போட்ட இடத்தில் பாட்டும் கிடையாது, தாளமும் கிடையாது. வாயை மூடிக்கொள்ள வேண்டும். "அந்த எடத்த மட்டும் யாரும் தொடக் கூடாது, அவன்கிட்ட சொல்லிடு" என்று அம்மா இரண்டு தடவை சொன்னாள். ஏன் என்று உனக்குத் தெரியாததா. அப்புறம், மெதுவாகப் பாட வேண்டும். ஒரு பெட்ஷீட் ரோலருக்குள் நிதானமாகப் போய் வருகிற நேரம் இரண்டு வரிக்கு ஆக வேண்டும்.

விரிப்பைத் திருப்பிப் போடாமலே போய்விட்டார்கள் இரண்டு பேரும். வேறென்ன, எல்லாரும் சௌக்கியம்.

அக்கா


மார்ச் 14

அன்புள்ள அக்காவுக்கு,

பதில் எழுத இரண்டு மாதம் ஆகிவிட்டது, திட்டாதே. கண்ணுக்குக் கீழே கருப்பு விழுந்ததைத் தவிர நலம். அங்கே எல்லாரும் எப்படி?

பாட்டு முடிந்துவிட்டது. படப்பிடிப்புக்கும் போனேன். ஒரு சலவை ஆலையையே கட்டியிருந்தார்கள், உன் ஆலையைப் போல மூன்று மடங்கு. மேலேயிருந்து சோப்பு நுரை கொட்டிக்கொண்டே இருந்தது. மேடத்துக்குக் கண்ணாடிச் சில்லு தைத்த வெள்ளை உடுப்பு. அவர் திரும்பும்போதெல்லாம் விளக்குக்காரர் கண்ணைப் பொத்திக்கொண்டார். அறுபது பேர் பெட்ஷீட்டைத் தூக்கிப் போட்டுப் பிடித்து ஆடினார்கள். கொஞ்சம் வேகம் கூட்டியிருக்கிறோம், இந்தக் காலத்துக்கு அது வேண்டும். நீ கோடு போட்ட இடத்தில் முப்பது பேர் சேர்ந்து "ஹோய்" போடுகிறார்கள். அந்த "ஹோய்" என் யோசனை. மாஸ்டர் தோளில் தட்டினார்.

ஞாயிறு சாயங்காலம் டிவியில் முதல் தடவையாகப் போடுகிறார்கள். அம்மாவைக் கண்ணாடி போட்டுக்கொண்டு பார்க்கச் சொல். மைனா அத்தையையும் கூப்பிடு.

உன் தம்பி


மார்ச் 25

தம்பிக்கு,

எல்லாரும் உயிரோடு இருக்கிறோம்.

பார்த்தோம். மைனா அத்தை, நெட்டை, அவள் மாமியார், எதிர்வீட்டுக்காரர்கள் எல்லாரும் கூடத்தில் நெருக்கியடித்து உட்கார்ந்து பார்த்தோம். முதல் நுரை விழுந்ததுமே நெட்டை சிரித்துவிட்டாள். "தரையில இவ்ளோ நுரை விட்டா இடுப்பு ஒடஞ்சு ஆஸ்பத்திரிக்குத்தான் போகணும்" என்றாள். அதுவரைக்கும் நானும் சிரித்தேன். அப்புறம் "பத்து விரலோட வந்தோம்" வர வேண்டிய இடம் வந்தது. உன் மேடம் கையை நீட்டி, "பத்து விரலில் மோதிரம், பாரு நான் மகாராணி" என்று பாடினாள். மைனா அத்தை தன் வலது கையைப் புடவைக்குள் இழுத்துக்கொண்டாள். அம்மா எழுந்து போய் டிவியை அணைத்தாள்.

வரியை மாற்றியதை உன் கடிதத்தில் ஏன்டா எழுதவில்லை? நுரையைப் பற்றி எழுத இடம் இருந்தது, இதற்கு இல்லையா?

உனக்குத் தெரியும் என்று நினைத்துத்தான் சொல்லாமல் விட்டேன். இப்போது சொல்கிறேன், கேள். நீ கைக்குழந்தையாக இருந்த வருஷம் ரோலரின் வேகத்தைக் கூட்டினார்கள். விரிப்பை உள்ளே கொடுக்கும்போது மைனா அத்தையின் கையை அது இழுத்துக்கொண்டது. மூன்று விரல் போயிற்று. மறுநாளும் வேகத்தைக் குறைக்கவில்லை. அப்போது கட்டிய பாட்டு இது. ஒரு விரிப்புக்கு இரண்டு வரி. வரி முடிந்ததும் எல்லாரும் வாயை மூடி, இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்க வேண்டும். எதிரே நிற்பவள் பத்தும் இருக்கிறதா என்று பார்ப்பாள். பார்த்த பிறகுதான் அடுத்த விரிப்பு. அப்போதைய மேனேஜர் கத்திப் பார்த்தான், பாடக் கூடாது என்று போர்டு எழுதி மாட்டினான். கடைசியில் வேகத்தைக் குறைத்தான். பாட்டே அந்த இடத்துக்காகத்தான். அதில்தான் நீ முப்பது பேரைக் கத்தவிட்டிருக்கிறாய்.

உன் பெயரைப் பார்த்தோம். பாட்டு தொடங்கும்போதே சின்ன எழுத்தில் ஓடியது.

அக்கா


ஏப்ரல் 6

அக்காவுக்கு,

நான் நலமில்லை, அதை எழுதி என்ன ஆகப்போகிறது. அம்மா பேசுகிறாளா?

சாமி சத்தியமாக எனக்குத் தெரியாது. மைனா அத்தையின் கையை எல்லாரையும் போல நானும் பார்த்திருக்கிறேன். அதற்கும் பாட்டுக்கும் சம்பந்தம் உண்டு என்று எனக்கு யார் சொன்னார்கள்? நான் அந்தப் பாட்டை ஆலையில் கேட்டவன் இல்லை. எனக்கு நினைவு தெரிந்து அம்மா அதைப் பாடியது எனக்கு ஊட்டும்போது. இரண்டு வரி பாடுவாள், நிறுத்துவாள், அந்த இடத்தில் ஒரு வாய் வரும். நான் வாயைத் திறந்துகொண்டு அதற்காகக் காத்திருப்பேன். உலகத்திலேயே சந்தோஷமான இடம் அதுதான் என்று நினைத்து அங்கே "ஹோய்" போட்டேன். இதில் என் தப்பு என்ன?

மோதிர வரி மாஸ்டருடையது. நான் வேண்டாம் என்றேன். ரொம்ப பலமாகச் சொல்லவில்லை.

இன்னொன்றும் சொல்கிறேன், கோபித்தாலும் சரி. இன்றைக்கு அந்த மெட்டு எல்லார் வாயிலும் இருக்கிறது. நான் எடுக்காவிட்டால் அது அம்மாவோடும் மைனா அத்தையோடும் முடிந்திருக்கும். அது மட்டும் உனக்குச் சம்மதமா?

உன் தம்பி


மே 19

தம்பிக்கு,

அம்மா பேசுகிறாள். தோள்வலி கூடியிருக்கிறது, காரணம் கீழே.

நீ கேட்ட கேள்விக்குப் பதில் யோசித்துக்கொண்டிருந்தேன். அதற்குள் பதில் தானாகவே வந்துவிட்டது. உன் பாட்டு எங்கள் ஆலையில் வேலைக்குச் சேர்ந்துவிட்டது.

மேனேஜர் நாலு மூலையிலும் ஸ்பீக்கர் மாட்டியிருக்கிறான். காலை முதல் உன் மேடம்தான். எங்கள் சூப்பர்வைசருக்கு நாங்கள் வைத்த பெயர் விசில். அவன் வந்து, "உங்க பாட்டுதானே இது, உங்களுக்கே போட்டுக் காட்டறோம், சந்தோஷமா வேகமா செய்யுங்க" என்றான். அந்த வேகத்துக்குத் தகுந்தாற்போல ரோலரின் திருகை இரண்டு சுற்று கூட்டிவிட்டார்கள். விரிப்பைக் கொடுத்துவிட்டுக் கையை எடுப்பதற்குள் துணி பிடித்து இழுக்கிறது. போன வெள்ளிக்கிழமை நெட்டையின் சட்டைக் கை உள்ளே போயிற்று. பின்னாலிருந்து இடுப்பைப் பிடித்து இழுத்தேன். சட்டை கிழிந்தது, கை வந்துவிட்டது. அன்றைக்கு அவள் சாப்பிடவே இல்லை. ஸ்பீக்கரில் மோதிரப் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது.

மேனேஜரிடம் போய்ச் சொன்னோம். "பாட்டுக்கு எல்லாரும் ஆடறாங்க, உங்களுக்கு மட்டும் கை வலிக்குதா" என்றான்.

உன்னை ஒன்று கேட்க வேண்டும். மழுப்பாமல் பதில் எழுது. அந்த "ஹோய்" ஒவ்வொரு இரண்டு வரிக்கும் தவறாமல் வருகிறதா? எங்காவது விட்டுப்போகிறதா?

அக்கா


மே 27

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் வந்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. நெட்டை எப்படி இருக்கிறாள்? நீ அந்த ரோலர் பக்கம் போகாதே, வேறு இடம் கேள்.

"ஹோய்" ஒரு இடத்திலும் விட்டுப்போகாது. மெஷினில் அளந்து வைத்தது. ஆளுக்குத்தான் தவறும், அதற்குத் தவறாது. நம் பாட்டில் இரண்டு வரி பாடுகிற நேரத்துக்குள் மூன்று "ஹோய்" வந்துவிடும், அவ்வளவு வேகம். இதை ஏன் கேட்கிறாய்?

மாஸ்டரிடம் ஆலையைப் பற்றிச் சொன்னேன். "நம்ம பாட்டுக்கு வேலை நடக்குதுன்னா சந்தோஷம்தானேடா" என்றார். ஸ்டுடியோவில் எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன் என்று நினைக்கிறேன்.

ஜூலை கடைசியில் விருது விழா. பாட்டுக்கு விருது உறுதி என்கிறார்கள். அசல் சலவைப் பெண்கள் என்று சொல்லி உன்னையும் அம்மாவையும் மேடையேற்றி, மேடத்துக்குப் பூங்கொத்து கொடுக்கச் சொல்ல வேண்டுமாம். டிக்கெட் அவர்கள் செலவு. கேட்கச் சொன்னார்கள், கேட்டுவிட்டேன்.

உன் தம்பி


ஜூலை 2

அக்கா,

ஒரு மாதத்துக்கு மேல் ஆகிறது. போன் போட்டால் மணி அடித்து அடித்து நின்றுபோகிறது. பூங்கொத்து விஷயத்தில் கோபம் என்றால் திட்டியாவது எழுது. எல்லாருடைய கையும் நன்றாக இருக்கிறதா? அதை மட்டும் ஒரு வரியில் எழுதிப் போடு.

தம்பி


ஜூலை 11

அன்பு மகனுக்கு,

அம்மா எழுதுவது. எழுத்து கோணலாக இருக்கும், பொறுத்துக்கொள். எல்லாருடைய கையும் நன்றாக இருக்கிறது. அதை முதலில் எழுதிவிட்டேன்.

உன் அக்கா எழுத மாட்டாள். உனக்கு விழா நேரம், மனசு கெடக் கூடாது என்று என் வாயையும் கட்டியிருக்கிறாள். அவள் இப்போது ஆலை கேட்டுக்கு வெளியே உட்கார்ந்திருக்கிறாள். நாற்பது பேரும் அங்கேதான். கேட்டை மூடி மூன்று வாரம் ஆகிறது.

நடந்ததைச் சொல்கிறேன். உன் பதில் வந்த மறுநாள் எல்லாரும் ரோலர் முன்னால் நின்றார்களாம். பாட்டு ஓடியது. உன் "ஹோய்" வந்ததும் நாற்பது பேரும் துணியை விட்டுவிட்டு இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கியிருக்கிறார்கள். எதிரே நிற்பவளின் விரலைப் பார்த்துவிட்டுத்தான் கையை இறக்கினார்கள். அடுத்த "ஹோய்", மறுபடி கை மேலே. அந்த விசில் மடையன் ஆடுகிறார்கள் என்று நினைத்து, தானும் கையைத் தூக்கியிருக்கிறான். மேனேஜரை வேறு கூட்டிவந்து, "பாருங்க சார், எவ்ளோ குஷியா இருக்காங்க" என்று காட்டினானாம். நாங்கள் அந்தக் காலத்தில் ஒரு விரிப்புக்கு ஒரு தடவைதான் தூக்குவோம். நீ பாட்டை வேகமாக ஓடவிட்டதால் இவர்கள் மூன்று தடவை தூக்க வேண்டியதாயிற்று. சாயங்காலம் பார்த்தால் பாதி விரிப்பு ஈரமாகவே கிடக்கிறது. ரோலர் வெறும் வயிற்றோடு சுற்றியிருக்கிறது. அப்போதுதான் அவர்களுக்குப் புரிந்தது.

இரண்டு வாரம் இப்படியே போயிற்று. அப்புறம் ஸ்பீக்கரை நிறுத்தினார்கள். அதற்குள் எல்லாருக்கும் பாட்டு மனப்பாடம். மோதிரத்தை எடுத்துவிட்டு நம் வரியைப் போட்டு இவர்களே பாடி, இவர்களே "ஹோய்" என்றார்கள். யார் ஆரம்பித்தது என்று கேட்டான் மேனேஜர். உன் அக்கா, "நான்தான்" என்றாள். வெளியே போ என்றான். அவள் பின்னாலேயே நாற்பது பேரும் கையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டார்கள். அவன் கேட்டைப் பூட்டிவிட்டான்.

நீ எழுதியதை அவள் எனக்குப் படித்துக் காட்டினாள், ஊட்டிய கதையை. கண்ணு, அந்த வருஷம் உன்னைப் பார்த்துக்கொள்ள வீட்டில் ஆள் இல்லை. துணிக்கூடையில் போட்டு மடிப்பு மேஜைக்கு அடியில் வைத்திருந்தேன். நாள் முழுக்க என் கை என்னுடையதாக இருந்தது அந்த ஒரு இடத்தில்தான். மேலே தூக்கின கையில் ஒன்று கீழே வந்து உன் வாயில் ரொட்டித் துண்டைப் போட்டுவிட்டுப் போகும். வீட்டிலும் அதே பழக்கம் ஆகிவிட்டது. நீ தப்பாக ஒன்றும் நினைக்கவில்லை. சந்தோஷமான இடம்தான் அது.

மாத்திரை போட்டுக்கொண்டுதான் கேட்டுக்குப் போகிறேன். மைனாவும் வருகிறாள். நீ சாப்பிடு.

அம்மா


ஆகஸ்ட் 3

அன்புள்ள அம்மாவுக்கும் அக்காவுக்கும்,

நான் நன்றாக இருக்கிறேன். இந்தத் தடவை நிஜமாகவே.

நீங்கள் டிவி பார்த்திருக்க மாட்டீர்கள், கேட்டில் டிவி ஏது. அதனால் நானே சொல்கிறேன். விழாவில் மேடம் பாட்டைப் பாடி ஆட வேண்டும். அவருக்குப் பின்னால் ஓடுகிற இசையைக் கையாள்வது என் வேலை. அன்றைக்குக் காலையில் தனியாக உட்கார்ந்து எல்லா "ஹோய்"யையும் வெட்டி எடுத்தேன். தாளத்தையும் அந்த இடங்களில் எடுத்துவிட்டேன். பாட்டையும் அம்மா பாடுகிற நிதானத்துக்கு இழுத்து வைத்தேன்.

மேடம் ஒரு வரி பாடிவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தார். அறுபது பேரும் யாரோ காலைக் கட்டிப்போட்டதுபோல ஆடினார்கள். இரண்டாவது வரி முடிந்தது. ஒன்றுமே இல்லை. அவ்வளவு பெரிய அரங்கத்தில் உடுப்பின் கண்ணாடிச் சில்லு உரசுகிற சத்தம் கேட்டது. நான் கீபோர்டை விட்டு எழுந்து, இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கினேன். எதிரே பார்க்க ஆள் இல்லை. நானே என் விரலைப் பார்த்துக்கொண்டேன்.

யாருக்கும் ஒன்றும் புரியவில்லை, அக்கா. மெஷின் பழுது என்று நினைத்து டிவிக்காரர்கள் விளம்பரம் போட்டுவிட்டார்கள். சோப்பு விளம்பரம். மாஸ்டர் மேடைக்குப் பின்னால் வந்து, "இனி இந்தப் பக்கம் உன்னப் பாக்கக் கூடாது" என்றார். சரி என்றேன். இந்தத் தடவை பலமாகவே சொன்னேன்.

இப்போது ஒரு ஹோட்டல் வரவேற்பறையில் சாயங்காலங்களில் வாசிக்கிறேன். அங்கே மேஜை விரிப்புகளில் நாலு மூலையும் சரியாகச் சேர்ந்திருக்கின்றன. எந்த ஜோடி மடித்ததோ என்று தினமும் பார்க்கிறேன். கேட் திறந்ததா?

உங்கள் பையன், உன் தம்பி


செப்டம்பர் 18

அன்புத் தம்பிக்கு,

விளம்பரம் போட்ட இடத்தைப் படித்ததும் மைனா அத்தைக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது. அம்மா மட்டும் கடிதத்தை வாங்கி மடித்துத் தலையணைக்குக் கீழே வைத்துக்கொண்டாள். மாத்திரைகளோடு அதுவும் இருக்கிறது.

கேட் திறந்துவிட்டது. எங்கள் ஆலையில் துணி வெளுக்கிற ஆஸ்பத்திரிகளில் விரிப்பு இல்லாமல் நோயாளியைப் படுக்கவைக்க முடியவில்லையாம். அவர்கள் கொடுத்த நெருக்கடியில் மேனேஜர் இறங்கி வந்தான். ரோலரின் திருகு பழைய இடத்துக்கு வந்துவிட்டது; நானே பக்கத்தில் நின்று பார்த்தேன். என்னை மட்டும் மடிப்பிலிருந்து எடுத்து, அழுக்குத் துணி பிரிக்கிற இடத்தில் போட்டிருக்கிறார்கள். நாற்றம் குடலைப் பிடுங்குகிறது. போகட்டும், தோளுக்கு ஓய்வு. நெட்டைதான் புது ஜோடி குட்டை என்று புலம்புகிறாள்.

போர்டு மறுபடி வந்துவிட்டது. அம்மா காலத்தில் மாட்டிய அதே ஆணியில். "வேலை நேரத்தில் மேற்படி பாட்டை எந்த வடிவிலும் பாடவோ ஒலிபரப்பவோ முணுமுணுக்கவோ கூடாது." எந்த வடிவிலும் என்றால் உன் மேடத்தின் பாட்டும் சேர்த்துத்தான். மோதிரமும் நுரையும் போட்டு நீங்கள் எதைத் தொலைத்தீர்களோ, அதை மேனேஜரே தேடிப்பிடித்துக் கொடுத்துவிட்டான். இனி அது சினிமாப் பாட்டு இல்லைடா. திரும்பவும் தடை போட்ட பாட்டு.

நாங்கள் பாடுவதில்லை. போர்டில் போட்டிருப்பதை அப்படியே மதிக்கிறோம். வரியைப் பாடாமல், கோடு போட்ட இடத்தை மட்டும் வைத்துக்கொண்டோம். ஒரு விரிப்பு போய் வந்ததும் சத்தமில்லாமல் எல்லாருடைய கையும் மேலே போகிறது. நான் அழுக்குத் துணிக்கு நடுவில் நின்றபடி தூக்குகிறேன். விசில் போர்டைப் பார்க்கிறான், எங்களைப் பார்க்கிறான். பாடாமல் இருப்பதை எப்படித் தடுப்பது என்று அவனுக்குத் தெரியவில்லை.

போன வாரம் அம்மாவும் மைனா அத்தையும் எனக்குச் சாப்பாடு கொண்டுவந்து, ஜன்னல் வழியாக உள்ளே பார்த்தார்கள். எங்கள் கைகள் மேலே போனபோது வெளியே அவர்களும் தூக்கினார்கள். மைனா அத்தை வலது கையைப் புடவைக்குள் மறைக்கவில்லை. அவளிடம் ஏழு. மற்ற எல்லாரிடமும் பத்து.

இங்கே சுகத்துக்கு ஒரு குறைவும் இல்லை. உன் பத்தும் சுகமா?

அக்கா